சோஹோவிலிருந்து கடைவீதிக்கு: பிரிட்டனில் இத்தாலிய உணவகத் தொடர்கள்

பிரிட்டனின் பெரிய நகரங்களில் கடைவீதியின் நடுவே ஏதாவதொரு இத்தாலிய உணவகத் தொடரின் கிளை இருக்கும். மூடப்பட்ட வங்கிக் கட்டடத்திலோ, திரையரங்கை ஒட்டிய வளாகத்திலோ அது அமைந்திருக்கும். சனிக்கிழமை மாலை அங்கே இடம் கிடைப்பது கடினம். வெகுநேரம் காத்திருந்து உட்கார்ந்தால், பாஸ்தா குழைந்து, வெதுவெதுப்பாக, சாஸ் ஒரு பக்கமும் எண்ணெய் ஒரு பக்கமுமாக வந்து சேரும். பீட்சாவின் ஓரம் விறைத்தும் நடுப்பகுதி ஈரமாகவும் இருக்கும். இந்தச் சாப்பாடு அங்கே எல்லோருக்கும் பழக்கமானது. அதைப் பற்றிய புலம்பலும் அப்படியே. சமையல் தெரியாதவர்களால் வந்த நிலை அல்ல இது. ஒவ்வொரு கட்டத்திலும் நியாயமாகத் தோன்றிய வணிக முடிவுகள், அறுபது ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உண்டாக்கிய நிலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனுக்கு வந்த இத்தாலியர் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை விற்கவில்லை. இத்தாலிய மொழி பேசும் சுவிஸ் மாநிலமான டிச்சினோவைச் சேர்ந்த கார்லோ காட்டி 1847-இல் லண்டன் வந்து, தெருவோரக் கடையில் தொடங்கி, காபிக் கடைகளும் ஐஸ்கிரீம் வியாபாரமுமாக வளர்ந்தார். நார்வேயிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க அவர் வெட்டிய நிலத்தடிக் கிணறு, கிங்ஸ் கிராஸ் அருகே லண்டன் கால்வாய் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அவரைப் பின்பற்றி வந்தவர்கள் வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் காபிக் கடை வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் விற்றார்கள். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பதே அவர்கள் பிழைப்பு. பாஸ்தா வீட்டுக்குள் இருந்தது. 1940 ஜூன் 10 அன்று முசோலினி போரில் இறங்கியதும் கடைகளின் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. ஆண்கள் கைதாகி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பலரை ஏற்றிக்கொண்டு கனடாவுக்குப் புறப்பட்ட அராண்டோரா ஸ்டார் கப்பல் ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. இறந்தவர்கள் 800-க்கும் மேல். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் இத்தாலியர். கடைக்காரர்களும் பரிமாறுபவர்களுமாக ஒரு தலைமுறையே அதில் சிதைந்தது.

போர் முடிந்தும் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. ஆலிவ் எண்ணெயை மருந்துக் கடையில் காது வலிக்கு வாங்கிய காலம் அது. 1957 ஏப்ரல் முதல் தேதி பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, டிச்சினோவில் ஒரு குடும்பம் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதாக ஒரு படத்தைக் காட்டியது. மரம் வளர்ப்பது எப்படி என்று கேட்டுப் பலர் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. தகர டப்பாவில் தக்காளிச் சாற்றோடு வந்த ஸ்பகெட்டியைத் தவிர வேறு எதையும் அவர்கள் பார்த்ததில்லை. ஆனால் மாற்றம் அதற்குள் தொடங்கியிருந்தது. 1953-இல் லண்டன் சோஹோ பகுதியின் ஃப்ரித் தெருவில் கஜ்ஜியா எஸ்பிரெஸோ இயந்திரத்துடன் மோக்கா பார் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் நடிகை ஜினா லோலோபிரிஜிடா. எலிசபெத் டேவிட்டின் ‘இத்தாலியன் ஃபுட்’ புத்தகம் 1954-இல் வந்தது. 1955-இல் லண்டனில் முதல் ஸ்பகெட்டி ஹவுஸ் பிறந்தது. சில ஆண்டுகளில் அதற்குக் கிளைகள் முளைத்தன. 1959-இல் மரியோ கசாண்ட்ரோவும் ஃப்ராங்கோ லகத்தோலாவும் சோஹோவில் லா டெரட்சாவைத் தொடங்கினார்கள். வடிவமைப்பாளர் என்ட்சோ அபிசெல்லா அதற்குக் கொடுத்த வெள்ளைச் சுவரும் ஓடு பதித்த தரையும், இத்தாலிய உணவகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்தைப் பிரிட்டிஷ் மனத்தில் பதித்தன.

தொடர் உணவகத்தின் கதையில் அதிக மரியாதைக்கு உரியவர் பீட்டர் பாய்சாட். 1929-இல் பீட்டர்பரோவில் பிறந்தவர், இத்தாலியரல்லர். இளமையில் இத்தாலியில் வாழ்ந்தபோது பழகிய பீட்சா லண்டனில் கிடைக்காததால், தானே கடை வைக்கத் துணிந்தார். 1965 மார்ச்சில் வார்டர் தெருவில் முதல் பீட்சா எக்ஸ்பிரஸ் திறந்தது. அதன் அடுப்பு நேப்பிள்ஸிலிருந்து வந்தது. மாவைத் தட்டிப் பரப்பி அடுப்பில் இடும் வேலை முழுவதும் சாப்பிடுபவரின் கண்முன் நடந்தது. மறைக்க ஒன்றுமில்லாத சமையலறை அது. இரண்டாவது கிளை 1967-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அருகே, பழைய பால்பண்ணைக் கடை ஒன்றில் அமைந்தது. சுவரின் ஓடுகளை அவர் அப்படியே விட்டுவைத்தார். ஒவ்வொரு கிளையும் அதன் கட்டடத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை; கிளைகள் பலவற்றை வடிவமைத்தவரும் அபிசெல்லாதான். டீன் தெருக் கிளையில் ஜாஸ் இசை ஒலித்தது. நீரில் மூழ்கும் வெனிஸைக் காப்பதற்காக ‘வெனட்சியானா’ பீட்சா ஒவ்வொன்றின் விலையிலிருந்தும் ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது. கிளைகள் மெதுவாகவே பெருகின. உரிமையாளருக்குப் பிடித்த சாப்பாட்டை உரிமையாளரே விற்ற காலம் என்று அதைச் சொல்லலாம்.

1993-இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்குச் சென்றது. அதன் வெற்றியைப் பார்த்துப் பலர் களத்தில் இறங்கினார்கள். ஆஸ்க் 1993-இல் தொடங்கியது, ஜிட்சி 1999-இல் வந்தது, அதே ஆண்டு சமையல் கலைஞர் அந்தோனியோ கார்லூச்சோ தன் பெயரில் கடையும் உணவகமும் சேர்ந்த ஒரு தொடரை ஆரம்பித்தார், 2000-இல் பிரெட்சோ. முதலீட்டாளர்களுக்கு இத்தாலிய உணவு ஏன் இவ்வளவு பிடித்தது என்பதற்குக் கணக்கு எளிது. மாவு, தக்காளி, எண்ணெய் மூன்றும் மலிவு. இறைச்சி குறைவு. குழந்தைகள் மறுக்காமல் சாப்பிடுவார்கள், சைவர்களுக்கும் உண்டு. ஒரு பாஸ்தாவுக்கு உண்மையான செலவு வாடகையும் கூலியும்தான். எனவே ஒரு மேசையில் ஒரே மாலையில் எத்தனை முறை ஆள் மாறுகிறார்கள் என்பதே லாபத்தை முடிவு செய்தது.

சிக்கல் அங்கேயே பிறந்தது. இத்தாலியச் சமையலில் பெரும்பாலும் பொருட்கள் சில, நேரம் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த நேரத்தில் கை தவறக் கூடாது. உலர்ந்த ஸ்பகெட்டி வேகப் பத்து நிமிடம் ஆகும். நூற்றிருபது பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அந்தப் பத்து நிமிடம் நீளமானது. ஆகவே வேகத்தை நம்பிய சமையலறைகள் பகலிலேயே பாஸ்தாவை முக்கால் வேக்காட்டில் எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் தடவி, ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக் குளிர்பெட்டியில் அடுக்கின. கேட்டதும் ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கினால் போதும். அலசும்போது மேல் படிந்த மாச்சத்து போய்விடுகிறது. எண்ணெய்ப் பூச்சு வழுக்குகிறது. சாஸ் பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டியைச் சட்டியில் ஊற்றி, சீஸும் கொழுப்பும் அதோடு கலந்து குழம்பாகும்வரை புரட்டுவது ரோமானியச் சமையலின் அடிப்படை. வெந்த நீரைக் கொட்டிவிட்ட சமையலறையால் அதைச் செய்ய முடியாது. கல்லிலிருந்து இறங்கிய தோசையை நாலு மணி நேரம் கழித்துச் சூடுகாட்டிப் பரிமாறினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகிறது.

கார்பொனாராவின் கதை இன்னும் தெளிவானது. முட்டை, பெக்கோரினோ சீஸ், பன்றியின் தாடைக் கொழுப்பு, மிளகு, இவ்வளவுதான். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, அதன் சூட்டிலேயே முட்டை கெட்டிப்பட வேண்டும். சற்று மிஞ்சினாலும் பொரித்த முட்டையாகத் திரிந்துவிடும். பயிற்சி குறைந்த கையில் இது ஆபத்து. எனவே பாலேடு புகுந்தது. பாலேடு திரியாது, காத்திருக்கும், யார் செய்தாலும் ஒரே மாதிரி வரும். ருசி மட்டும் மழுங்கிவிடும். இறைச்சிச் சாஸும் அப்படியே. போலோன்யா நகரத்து ராகு மணிக்கணக்கில் சிறு தீயில் வேகவேண்டியது. இத்தாலியச் சமையல் கழகம் 1982-இல் அதன் செய்முறையை அந்நகர வணிகச் சபையில் பதிவே செய்தது. அங்கே அதைப் பட்டையான டால்யாதெல்லேயோடு உண்பார்கள். மொத்தமாகத் தயாரித்துப் பையில் அடைத்து வேனில் கிளை கிளையாகப் போன சாஸை மெல்லிய ஸ்பகெட்டியின்மேல் ஊற்றினால் அது அடியில் வடிந்து நிற்கும். பீட்சாவுக்கு நேப்பிள்ஸ் முறையில் 450 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் ஒன்றரை நிமிடமும் போதும். அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நகரும் கம்பிவலை அடுப்புக்கு ஆள் வேண்டாம். அதன் சூடு குறைவு, நேரம் அதிகம், ஓரம் காய்ந்துபோகும்.

2008 நிதி நெருக்கடிக்குப் பின் தள்ளுபடிக் கூப்பன்கள் பெருகின. இரண்டு பீட்சாவுக்கு ஒன்றின் விலை என்று வந்தபிறகு, முழு விலையில் சாப்பிடுபவர் ஏமாந்தவர் ஆனார். போட்டியாளர் எல்லோரும் கொடுத்ததால் யாராலும் நிறுத்த முடியவில்லை. அதே சமயம் உரிமை கைமாறிக்கொண்டே இருந்தது. தனியார் முதலீட்டு நிறுவனங்கள் கடன் வாங்கித் தொடர்களை வாங்கின. அந்தக் கடன் தொடரின் கணக்கிலேயே ஏறியது. 2014-இல் சீனாவின் ஹோனி கேபிடல் பீட்சா எக்ஸ்பிரஸை 90 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஐந்து ஆண்டில் அதன் கடன் 100 கோடி பவுண்டைத் தாண்டியது. வட்டி கட்டவே கிளைகள் ஓடின. கடன் சுமந்த எந்த உணவகத்துக்கும் மிச்சம் பிடிக்க எளிதான இடம் சமையலறைதான்.

இந்தச் சூழலில் உண்மையான நம்பிக்கையோடு வந்தது சமையல் கலைஞர் ஜேமி ஆலிவரின் தொடர். லண்டனின் ரிவர் கஃபே உணவகத்தில் வேலை பார்த்துப் புகழடைந்த அவர், தன் வழிகாட்டி ஜென்னாரோ கொந்தால்டோவின் துணையோடு 2008-இல் ஆக்ஸ்ஃபோர்டில் முதல் ஜேமீஸ் இத்தாலியனைத் திறந்தார். கடையிலேயே பிசைந்து வெட்டிய பாஸ்தா, சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலை என்பது திட்டம். வரிசை தெருவரை நின்றது. பிறகு கிளைகள் வேகமாகப் பெருகின. இடங்களும் பெரிதாகிக்கொண்டே போயின. மான்செஸ்டர் கிளை அமைந்த மிட்லண்ட் வங்கிக் கட்டடம், புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் வரைந்தது. அத்தகைய மாளிகையின் வாடகையைப் பாஸ்தா விற்றுக் கட்ட வேண்டியிருந்தது. நாற்பதாவது கிளையில் மாவு பிசைபவருக்கு முதல் கிளையின் ஆசானைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இல்லை.

2016-இல் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகும் வாக்கெடுப்புக்குப் பின் பவுண்டு சரிந்து, இத்தாலியிலிருந்து வரும் சீஸும் தக்காளியும் விலையேறின. 2017-இல் கட்டட வரி மறுமதிப்பீடு செய்யப்பட்டது. உணவகங்கள் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாக இருந்தன. 2018-இல் பிரெட்சோ 94 கிளைகளை மூடியது. 2019 மே 21 அன்று ஜேமி ஆலிவரின் உணவகக் குழுமம் திவால் நடவடிக்கைக்குள் போனது; 25 உணவகங்களில் 22 உடனே மூடப்பட்டன; சுமார் 1,000 பேர் வேலை இழந்தனர். 2020 மார்ச்சில், பொதுமுடக்கம் தொடங்கிய நாட்களில், கார்லூச்சோஸ் விழுந்தது. அதே ஆண்டு பீட்சா எக்ஸ்பிரஸ் 73 கிளைகளைக் கைவிட்டு, கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது.

எதிர்வினை சிறிய கடைகளிலிருந்து வந்தது. 2016-இல் லண்டனின் பரோ மார்க்கெட் பகுதியில் திறந்த பதெல்லா, சில வகைப் பாஸ்தாவை மட்டுமே, அன்றாடம் கையால் செய்து, கேட்டபின் வேகவைத்துக் குறைந்த விலையில் கொடுத்தது. அதற்கு முன்பே, 2008-இல், பிரிக்ஸ்டன் சந்தையில் ஜூசெப்பே மஸ்கோலி ஃப்ராங்கோ மன்கா என்ற கடையைத் தொடங்கி, இயற்கையாகப் புளித்த மாவில் பீட்சா சுட்டார். அது நன்றாக இருந்தது, கூட்டம் சேர்ந்தது. 2015-இல் ஃபுல்ஹம் ஷோர் நிறுவனம் அதை வாங்கியது. அந்நிறுவனத்தின் அப்போதைய தலைவர் டேவிட் பேஜ் முன்பு பீட்சா எக்ஸ்பிரஸை நடத்தியவர். கிளைகள் எழுபதை ஒட்டிய நிலையில், 2023-இல் ஃபுல்ஹம் ஷோரை ஜப்பானின் டோரிடால் நிறுவனம் 9.34 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.