பன்னிரண்டு ராத்தல்

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிவந்த ஒரு தொடர்கதையில், கதாநாயகி நள்ளிரவில் தலையணைக்கு அடியிலிருந்து ரிவால்வரை எடுக்கிறாள். அவளுடைய மெல்லிய விரல் விசையைத் தீண்டுகிறது. 'டுமீல்' என்ற ஓசையில் மாளிகையே அதிர்கிறது. அந்த வாரத்து அத்தியாயத்தை அங்கே முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வில்லன் செத்தானா, பிழைத்தானா என்று பல வாசகர்கள் கேட்டு எழுதினார்கள். ஒருவர் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தார். "ஐயா, தாங்கள் ரிவால்வரைத் தொட்டதே இல்லை என்று தெரிகிறது. தீண்டினால் வெடிப்பதற்கு அது காசித்தும்பைக் காய் அல்ல. ஒரு நாள் வந்து இழுத்துப் பாருங்கள்." கீழே கையெழுத்து, அதற்கும் கீழே, 'ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர்' என்று இருந்தது.

போலீஸ் அழைத்தால் போகாமல் இருக்க முடியுமா? போனேன். காபி கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து லைசென்ஸ் பெற்ற தம் ரிவால்வரை எடுத்துவந்தார். உருளையைத் திறந்து, தோட்டா எதுவும் இல்லை என்பதை இரண்டு தடவை காட்டினார். "சுவரைப் பார்த்துப் பிடியுங்க. இப்ப இழுங்க" என்றார்.

இழுத்தேன். விசை அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தேன். மெதுவாக நகர்ந்தது. அது முழுவதும் பின்னுக்கு வந்து 'டக்'கென்று சத்தம் கேட்டபோது, சுவரைப் பார்த்திருந்த குழாய் அவர் வீட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது ஏறக்குறைய 12 ராத்தல் இழுப்பு ஸார். உங்க கதாநாயகி என்ன, பயில்வான் வீட்டுப் பெண்ணா?" என்று சிரித்தார்.

அன்று பிடித்துக்கொண்ட ஆவலில், இந்த விசையின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். கதை எழுதுகிறவனுக்கு உதவும் என்று நினைத்துத் தொடங்கியது, மனித சுபாவத்தைப் பற்றிய பாடமாக முடிந்தது.

ரிவால்வர் வெடிக்க மூன்று காரியங்கள் நடக்கவேண்டும். பின்னால் இருக்கும் சுத்தியல் (பழைய நாவல்களில் 'குதிரை' என்று எழுதுவார்களே, அதுதான்) ஒரு வில்லை எதிர்த்துக்கொண்டு பின்னே போகவேண்டும். தோட்டாக்கள் இருக்கும் உருளை ஓர் அறை அளவு சுழலவேண்டும். பிறகு சுத்தியல் விடுபட்டுத் தோட்டாவின் அடிப்பக்கத்தைத் தாக்கவேண்டும். முதல் இரண்டையும் கட்டை விரலால் செய்துகொண்டால் சுட்டுவிரலுக்கு மிஞ்சுவது மூன்றாவதுதான். அதற்கு 3 அல்லது 4 ராத்தல் இழுப்புப் போதும். மூன்றையும் சுட்டுவிரலே செய்வதற்குத்தான் 'டபிள் ஆக்ஷன்' என்று பெயர். சாதாரணப் போலீஸ் ரிவால்வரின் எடை சுமார் 2 ராத்தல். அதைக் கையில் பிடித்துக்கொண்டு 12 ராத்தல், அதாவது ஐந்தரைக் கிலோ பலத்தால் இழுக்கிறோம். விசை நகர்வதற்குமுன் துப்பாக்கியே நகர்ந்துவிடுவதில் என்ன ஆச்சரியம்?

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-ல் தம் நாட்டில் உரிமை பெற்ற ரிவால்வர் கட்டை விரல் ரகம். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டை விரலால் இழுத்து நிறுத்த வேண்டும். நிதானமாகக் குறி பார்க்கிறவனுக்கு அது சுகம். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் கோல்ட் தம் சரக்கைப் பரப்பியிருந்தார். அதே பொருட்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற லண்டன் துப்பாக்கித் தொழிலாளியும் தம்முடைய ரிவால்வரை வைத்திருந்தார். அதில் கட்டை விரலுக்கு வேலையே இல்லை. விசையை இழுத்தால் எல்லாம் தானாக நடக்கும். ஆனால் இழுப்பு கனம். குறி தப்பும் என்றது கோல்ட் கட்சி. எதிரி பத்தடி தூரத்தில் நிற்கும்போது குறி எதற்கு என்றது ஆடம்ஸ் கட்சி.

வழக்கைத் தீர்த்தது கிரிமியா யுத்தம். 1854 நவம்பரில் நடந்த இன்கர்மன் போரில், கிராஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியை நான்கு ரஷ்யச் சிப்பாய்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கையில் இருந்தது ஆடம்ஸ் ரிவால்வர். ஒவ்வொரு முறையும் சுத்தியலை இழுத்து நிறுத்தவேண்டியிருந்தால் தம் உயிர் போயிருக்கும் என்று அவர் பிறகு ஆடம்ஸுக்கே எழுதினார். பியூமான்ட் என்ற ராணுவ எஞ்சினீயர் இரு கட்சியையும் சமாதானம் செய்து வைத்தார். 1856-ல் அவர் உரிமை பெற்ற அமைப்பில், அவகாசம் இருந்தால் கட்டை விரலாலும், இல்லாவிட்டால் சுட்டுவிரலாலும் இயக்கலாம். கோல்ட் லண்டனில் நடத்திவந்த தொழிற்சாலை அதே ஆண்டில் மூடப்பட்டது.

அதன் பிறகு அந்தக் கனத்தை என்ன செய்வது என்பதே பிரச்னை. அதில் ஒவ்வொருவருடைய புத்தியும் ஒவ்வொரு விதமாகப் போயிற்று. ரஷ்ய அரசாங்கம் 1895-ல் நாகான்ட் ரிவால்வரை ஏற்றுக்கொண்டபோது, அதிகாரிகளுக்கு டபிள் ஆக்ஷன் ரகத்தைக் கொடுத்தது. சாதாரணச் சிப்பாய்களுக்குக் கட்டை விரல் ரகத்தையே கொடுத்தது. சுலபமாகச் சுட முடிந்தால் சிப்பாய் தோட்டாவை வீணாக்கிவிடுவானாம்! அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1887-ல் வேறொரு ரகத்தை வெளியிட்டது. சுத்தியல் உள்ளேயே மறைந்திருக்கும். பிடியை அழுத்திக்கொண்டே விசையை நீளமாக இழுத்தால்தான் வெடிக்கும். வீட்டில் குழந்தைகள் எடுத்துவிட்டாலும் விபரீதம் நேராது என்பதுதான் அதன் பெருமை. ஜனங்கள் அதற்கு 'எலுமிச்சம்பழம் பிழிகிற கருவி' என்று பெயர் வைத்தார்கள். கனத்தைக் குறை என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, இந்தக் கம்பெனி அதையே விற்றது.

கனமான விசையை வைத்துக்கொண்டு குறி தவறாமல் சுடவே முடியாதா? முடியும் என்று காட்டினார் எட் மக்கிவர்ன். இவர் ராணுவ வீரர் அல்ல; மான்டானா மாகாணத்தில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். 1932-ல், ஐம்பத்தேழு வயதில், டபிள் ஆக்ஷன் ரிவால்வரால் அரை விநாடிக்குள் ஐந்து குண்டுகளைச் சுட்டு, ஐந்தையும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் செலுத்தினார்.

இதில் தொழில் தெரிந்தவர்கள் கண்ட ரகசியம் ஒன்று உண்டு. விசையைத் திருத்துவது வேறு, இலேசாக்குவது வேறு. வில்லைத் தளர்த்தினால் இழுப்பு குறையும், உண்மைதான். ஆனால் சுத்தியலின் அடியும் தளர்ந்துவிடும். வேண்டிய சமயத்தில் தோட்டா வெடிக்காமல் 'டக்'கென்ற சத்தம் மட்டும் கேட்கும். விசையைத் திரும்ப முன்னே தள்ளும் வில்லைத் தளர்த்தினால், அது பாதியில் நின்றுவிடும். ஆகையால் நல்ல தொழிலாளி முதலில் பார்ப்பது வில்லை அல்ல. உலோகமும் உலோகமும் உரசுகிற இடங்களை. அங்கே சொரசொரப்பைப் போக்கி, இழுப்பு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்கும்படி செய்கிறான். மேடுபள்ளமான பாதையில் சுமக்கும் பத்து ராத்தலைவிடச் சமமான பாதையில் சுமக்கும் பன்னிரண்டு ராத்தல் இலேசல்லவா? 1955-ல் கோல்ட் கம்பெனி வெளியிட்ட 'பைத்தான்' ரிவால்வர் பிரசித்தி பெற்றதற்கு, அதன் உள்ளுறுப்புகளைக் கைத்திறனால் இழைத்துப் பொருத்தியதே ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கட்டை விரலால் சுத்தியலை நிறுத்திவிட்டு, இலேசான விசைமீது விரலை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைப் பிடிக்கப் போகிறவன் திடுக்கிட்டால் என்ன ஆகும்? திடுக்கிட்ட கை தானாக மூடிக்கொள்ளும். லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் நகரங்களின் போலீஸ் இலாகாக்கள் தங்கள் ரிவால்வர்களில் கட்டை விரல் வசதியையே நீக்கிவிட்டன. 1993-ல் நியூயார்க் போலீஸ் ரிவால்வரை விட்டுப் புதிய ரகக் கைத்துப்பாக்கிக்கு மாறியபோது இன்னொரு விசித்திரம் நடந்தது. இயல்பாக ஐந்தரை ராத்தலில் இயங்கும் துப்பாக்கிக்கு வலுவான வில்லைப் போட்டு, 12 ராத்தல் இழுப்பை வேண்டுமென்றே ஏற்றினார்கள்! ஒன்றரை நூற்றாண்டு பாடுபட்டுக் குறைத்த கனத்தை மறுபடி விலை கொடுத்து வாங்கினார்கள்.

அதற்கும் விலை உண்டு. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில், ஒருவனைக் கொன்றுவிட்டு நின்ற கொலைகாரனை நோக்கி இரண்டு போலீஸ்காரர்கள் 16 குண்டுகள் சுட்டார்கள். அவன் விழுந்தான். கூடவே, தெருவில் போய்க்கொண்டிருந்த ஒன்பது பேர் அந்தக் குண்டுகளாலும் தெறித்த துண்டுகளாலும் காயமடைந்தார்கள். விசையின் கனம்தான் குறியைக் கெடுத்தது என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். இலேசாக இருந்தால் நினைக்காமல் வெடிக்கிறது. கனமாக இருந்தால் நினைத்த இடத்தில் படுவதில்லை. எந்த யந்திரம் இதைத் தீர்க்கும்?

படித்ததையெல்லாம் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"ஸர்வீஸில் சேர்ந்த புதுசு. இந்த இழுப்பை இலேசாக்கிக் கொடுன்னு ஆயுதப்படை ஆர்மரர்கிட்டப் போய் நின்னேன். வயசானவர். 'வழவழன்னு ஆக்கித் தர்றேன் தம்பி; இலேசாக்க மாட்டேன்'னுட்டார். எனக்கு அவர்மேல ரொம்பக் கோபம். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி, ரைஸ் மில்லுல திருடன்னு தகவல். இருட்டுல மூட்டைக்குப் பின்னாலேருந்து ஒருத்தன் கையில எதையோ தூக்கிக்கிட்டு எழுந்தான். இழுத்தேன் ஸார். பாதி தூரம் இழுத்துட்டேன். அதுக்குள்ள கான்ஸ்டபிளோட டார்ச் வெளிச்சம் விழுந்தது. பதிமூணு வயசுப் பையன். கையில துடைப்பக் கட்டை. மில்லுல படுத்துத் தூங்குறவன்."

ரிவால்வரை வாங்கி, துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"மிச்சப் பாதி தூரம் இருந்ததே, அதுதான் ஸார் அந்தப் பையனோட ஆயுசு. இப்ப அவனுக்குப் பேரன் இருக்கான்."

வீட்டுக்கு வந்ததும் பழைய தொடர்கதையை எடுத்தேன். புத்தகமாக வரவேண்டிய சமயம் அது. 'தீண்டியது' என்ற சொல்லை அடித்துவிட்டு, கதாநாயகி விசையை இழுக்க முடியாமல் இழுக்கும்படி எழுதினேன். அந்த இழுப்பு முடிவதற்குள் எதிரே நிற்பவன் யார் என்று அவள் பார்த்துவிடுகிறாள். அதன் பிறகு கதை நான் நினைத்திருந்த வழியில் போகவில்லை, வில்லன் பிழைத்துக்கொண்டான்.