கட்டட மாதிரி மென்பொருளில் கலப்புக் குழாய் இணைப்புகள்

ஒரே குழாய்த்தடத்தில் திருகு மரை, வெல்டிங், குரூவ்டு, ஃபிளேஞ்ச் எனப் பலவகை இணைப்புகள் கலந்து வருவதை முப்பரிமாண மாதிரியில் காட்டும் முறை இது. ரெவிட் மென்பொருளில் ஒவ்வொரு குழாய் வகைக்கும் அளவு வாரியாக விதி எழுதலாம்: 50 மி.மீ. வரை திருகு எல்போ, 65 மி.மீ. முதல் குரூவ்டு எல்போ. தீயணைப்புத் தெளிப்பான் குழாய்களில் இணைப்பு பெரும்பாலும் அளவையொட்டியே மாறுவதால் ஒரே குழாய் வகை போதும் என்பார்கள். அது பாதி உண்மை. 100 மி.மீ. முதன்மைக் குழாயிலிருந்து 25 மி.மீ. கிளை பிரியும் டீயில் இரு முனைகள் குரூவ்டாகவும் மூன்றாவது திருகாகவும் இருக்கலாம். பம்பு அறையில் அதே 100 மி.மீ. குழாய் ஃபிளேஞ்ச் வால்வைச் சந்திக்கும். அளவு விதிக்கு இந்த வேறுபாடுகள் பிடிபடா.

மென்பொருள் விட்டத்தைப் பார்க்குமே தவிர, முனையின் வகையைச் சோதிப்பதில்லை. திரையில் குழாய் சேர்ந்துவிடும். பொருள் பட்டியலில் ஃபிளேஞ்சும் கேஸ்கட்டும் போல்ட்டும் விடுபட்டுப்போகும். ஆகவே இணைப்பு அளவால் மாறினால் விதி, இடத்தால் மாறினால் தனிக் குழாய் வகை, முனைகள் கலந்த டீக்கும் அடாப்டருக்கும் தனி ஃபேமிலி (ரெவிட்டில் உறுப்பின் மாதிரிக் கோப்பு) என்று பிரிப்பதே சரி. வகைகள் பெருகினால் வரைபவர் குழம்புவார் என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. ஆனால் வகையின் பெயரிலேயே இணைப்பைக் குறித்துவிட்டால் குழப்பம் பெரிதும் குறையும்; விடுபட்ட ஃபிளேஞ்சோ வேலைத்தளத்தில் பணியையே நிறுத்திவிடும்.