முட்டை அடுப்பும் முந்திப் பிறந்த மகவும்

ஹிஜ்ரி 629-இல் (கி.பி. 1231) மறைந்த பக்தாது மருத்துவர் அப்துல் லத்தீஃப், மிஸ்று நாட்டைப் பற்றி எழுதிய நூலில், தாய்க்கோழியின்றிக் குஞ்சு பொரிக்கும் அடுப்புகளை விவரிக்கின்றார். சாண வெப்பமே அவற்றின் மூலதனம். மிஸ்றின் பொரிப்பாளர்கள் முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூட்டை அளந்தறிந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், செயற்கைப் பொரிப்பைப் பற்றி 1749-இல் நூல் வெளியிட்டபோது இவ்வடுப்புகளை ஆராய்ந்தே எழுதினார்.

இதனால், குறைமாதக் குழந்தைகளுக்கான வெப்பப் பெட்டியை நம்மவர்களே கண்டனர் என்று உரிமை கொண்டாட நாம் வரவில்லை. அவ்வழக்கம் நம் மேடைகளில் ஏற்கெனவே மலிந்துள்ளது. அப்பெட்டி பாரிஸில் பிறந்தது. 1878-இல் அந்நகர விலங்குக் காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சுப் பொரிப்பான் ஒன்றைக் கண்ட பிரசவ மருத்துவர் தார்னியே, அதைச் செய்த ஓதீல் மார்த்தேனிடமே மகவுக்கும் ஒன்று செய்யச் சொன்னார். தோலடியில் கொழுப்பின்றிப் பிறக்கும் சிசுவைக் குளிரே கொல்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

முதற்பெட்டி பெரியது, விளக்கால் நீரைச் சூடாக்குவது. சூடு மிஞ்சிவிடும் அபாயமும் அதில் இருந்தது. அவருடைய மாணவர் ஓவார் அதை எளிமையாக்கினார். ஒரு குழந்தைக்கு ஒரு மரப்பெட்டி. அடித்தட்டில் வெந்நீர் நிரப்பிய மண்சாடிகள். காற்றில் ஈரம் சேர்க்க நனைந்த பஞ்சு. மேலே கண்ணாடி மூடி. காற்றோட்டம் நிற்கவில்லை என்பதைக் காட்ட, புகைபோக்கித் துளையில் சுழலும் சிறு காற்றாடி. ஆறிய சாடியை மாற்ற ஒரு தாதி விழித்திருந்தால் போதும். எந்தத் தச்சரும் செய்யத்தக்க இப்பெட்டியே பல ஊர்களுக்கும் பரவியது. 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுடைய சிசுக்களின் இறப்பு 100-க்கு 66-லிருந்து 38-ஆகக் குறைந்ததாக 1883-இல் ஓவார் அறிவித்தார்.

பின்னாளில் பெட்டி மின்சாரப் பொறியாகி, விலையும் ஏறிற்று. உதிரிப்பாகம் கிட்டாமல் ஏழை நாட்டு மருத்துவமனைகளின் மூலையில் முடங்கிய பொறிகள் பல. உயிர்காக்கும் கருவிக்கு, அதைப் பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பதும் ஓர் உறுப்பே என நாம் கருதுகிறோம்.

கொலம்பிய நாட்டின் பொகோட்டாவில் பெட்டிகள் போதாமல், ஒன்றிலேயே இரு குழந்தைகளைக் கிடத்தி, நோய்த்தொற்றால் இழந்துகொண்டிருந்தனர். 1978-இல் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, சிசுவைத் தாயின் மார்போடு, தோலுடன் தோல் படுமாறு நிமிர்த்திக் கட்டச் செய்தார். சூடும் பாலும் ஓரிடத்திலேயே கிட்டின. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளிலும் நடந்த ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளியாயின. அடுத்த ஆண்டே, பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.