டால்ட்டனின் கண்கள்

கவிதை பற்றிய விவாதங்களில் 'அனுபவம்' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. கவிஞன் கண்ட சிவப்பும் வாசகன் காணும் சிவப்பும் ஒன்றே என்ற நம்பிக்கை அச்சொல்லுக்குள் இருக்கிறது. இந்த நம்பிக்கையைத் தம் கண்களையே கொடுத்துச் சோதிக்கச் செய்தவர் ஜான் டால்ட்டன்; அணுக்கொள்கையால் பெயர்பெற்ற ஆங்கிலேயர்.

1766இல் பிறந்த டால்ட்டன் வெகுகாலம் தம் பார்வையைச் சந்தேகிக்கவில்லை. சில நிறங்களுக்குப் பெயர்கள்தாம் சரியாக வைக்கப்படவில்லை என்று நினைத்திருந்தார். 1792இல் ஒரு ஜெரேனியம் பூவை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் அவருக்கு வான்நீலமாகத் தெரிந்த பூ இப்போது சிவப்பாக இருந்தது. நண்பர்கள் யாருக்கும் இப்படி மாறித் தெரியவில்லை. அவருடைய சகோதரருக்கு மட்டும் தெரிந்தது. 1794 அக்டோபரில் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் இதைக் கட்டுரையாகப் படித்தார். முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கும் லாரல் இலையும் தமக்கு ஏறக்குறைய ஒரே நிறம் என்றார்.

கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்பது அவர் ஊகம். இறந்தபின் கண்களைச் சோதிக்கச் சொல்லிவைத்தார். 1844இல் அவர் இறந்ததும் ஜோசப் ரான்ஸம் என்ற மருத்துவர் அதைச் செய்தார். திரவம் தெளிவாகவே இருந்தது. இன்னொரு கண்ணின் பின்புறத்தை வெட்டி, அதன் வழியாகவே ரான்ஸம் பார்த்தார். சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும்தான் தெரிந்தன. பாதுகாத்து வைக்கப்பட்ட கண்ணின் திசுவை 1995இல் ஆராய்ந்தபோதுதான், நடு அலைநீள ஒளியை உணரும் நிறமிக்குரிய மரபணு அவருக்கு இல்லை என்று தெரிந்தது.

என்னை விடாமல் தொந்தரவு செய்வது ரான்ஸம்தான். இன்னொருவர் கண்ணை எடுத்துத் தன் கண்ணுக்குமுன் வைத்துக்கொண்டாலும் பார்க்கிறவர் ரான்ஸமாகவே இருக்கிறார். விமர்சகன் செய்வதும் பெரும்பாலும் இதுதான். டால்ட்டனால் எவற்றைப் பிரித்தறிய முடியவில்லை என்பதை மரபணு சொல்லிவிட்டது. அரக்கு அவருக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லவில்லை.

ஒருவனுக்கு வயலட் பூ தரும் தோற்றத்தை இன்னொருவனுக்குச் சாமந்தி தந்தாலும் இருவரும் நிறங்களின் பெயரைப் பிசகாமல் சொல்வார்கள் என்று 1690இல் வெளிவந்த நூலில் ஜான் லாக் எழுதினார். அப்படி இருப்பதாக லாக் நம்பவில்லை. ஆனால் கண்டுபிடிக்க வழியில்லை என்பதை ஒப்புக்கொண்டார். இரண்டு நிறங்களைக் குழப்பியதால் டால்ட்டன் பிடிபட்டார். எதையும் குழப்பாத லாக்கின் மனிதன் பிடிபடவே மாட்டான்.

ஆகவே ஒரு கவிதையை நாம் எல்லோரும் ஒரேமாதிரிப் புகழ்வதால் எதுவும் நிரூபணமாவதில்லை. நம்மால் பகிர முடிவது வேறுபாடுகளைத்தான்: இந்த வரி அந்த வரியிலிருந்து எங்கே பிரிகிறது, உங்களுக்கு ஒன்றாகத் தெரிவது எனக்கு ஏன் இரண்டாகத் தெரிகிறது என்பதை. விமர்சனத்துக்கு இந்த வேலை போதும் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடிபடாத கவிதையில் சொற்கள் தவறாக விழுந்திருக்கின்றன என்று எழுத உட்காரும்போதெல்லாம், இருபத்தாறு வயதுவரை டால்ட்டன் பெயர்களையே குறைகூறிக்கொண்டிருந்தது ஞாபகம் வருகிறது.