ஓர் எழுச்சி, இரண்டு வகுப்பறைகள்

துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. போதாததற்கு ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை. 1848 ஜூலை இறுதியில் இலங்கையின் மாத்தளை கொதித்தெழுந்தது. பிரித்தானிய ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். பிடிபட்ட கிளர்ச்சித் தலைவர் புரான் அப்புவை இராணுவ மன்று விசாரித்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். அரசனாக முடிசூடிய கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில்தான் அகப்பட்டார். அவரை விசாரித்தது உயர் நீதிமன்றம். மரண தண்டனை விதிக்கப்பட்டாலும், பிறகு அது கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் குறைந்தது. மலாக்காவுக்கு அனுப்பினார்கள்.

நான் சட்டம் படித்தபோது இதற்கு என் குறிப்பேட்டில் அரைப் பக்கம். இராணுவச் சட்டம் என்றால் என்ன, யார் பிறப்பிக்கலாம், எப்போது முடியும். விரிவுரையாளர் வாசித்தார், நாங்கள் எழுதினோம், பரீட்சையில் அப்படியே ஒப்புவித்தோம். ஒருவருக்குத் துப்பாக்கிச் சூடு, இன்னொருவருக்கு நீதிபதி, அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதே பாடத்தை மாதிரி நீதிமன்றமாக நடத்திப் பாருங்கள். புரான் அப்புவுக்காக எழுந்து நிற்கும் மாணவி முதலில் கேட்கப்போவது இதைத்தான்: “அன்று கண்டியில் நீதிமன்றம் இயங்கியதா? இயங்கியிருந்தால் இராணுவ மன்று எதற்கு?” விடை தேடி அவள் நூலகத்துக்கு ஓடியாக வேண்டும். அங்கே பிரித்தானிய நாடாளுமன்றக் குழு இதே அடக்குமுறையைக் கிளறி விசாரித்ததையும், 1850இல் டொரிங்டன் பதவியை விட்டுப் போனதையும் தானே கண்டெடுப்பாள். தானே கண்டெடுத்தது மறக்காது.

இது புதுமோகம் அல்ல. ஹார்வர்டில் லாங்டெல் 1870இலேயே தீர்ப்புகளை மாணவர் கையில் கொடுத்துக் கேள்விகளால் பாடம் நடத்தினார். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் மாதவ மேனன் 1988இல் தொடங்கிய ஐந்தாண்டுப் படிப்பு, சட்டத்தோடு வரலாற்றையும் பொருளியலையும் சேர்த்துக் கற்பித்தது. ஏழைக் கட்சிக்காரர்களிடமும் மாணவரைக் கொண்டுபோனது.

விரிவுரையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அடிப்படை தெரியாதவர் நடத்தும் மாதிரி வழக்கு வெறும் பட்டிமன்றமாகிவிடும். ஆனால் விரிவுரையோடு நிற்பது பெரிய குறை. எழுதப் பழகிய கை, கேட்கப் பழகுவதில்லை.

சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்களே, அடுத்த தவணையில் ஒரு வாரமாவது குறிப்பேடுகளை மூடச் சொல்லுங்கள். மாத்தளையின் இந்த இரண்டு எதிரிகளையும் உங்கள் மாணவரிடம் ஒப்படையுங்கள்.