திறத்திறமும் ஒரு பழைய வழக்கும்

பழந்தமிழ் இசையிலக்கணம், பயிலும் சுரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பண்களை நால்வகையாகப் பகுத்தது. ஏழு சுரமும் நிரம்பியது பண். ஆறு கொண்டது பண்ணியற்றிறம். ஐந்து கொண்டது திறம். நான்கே கொண்டது திறத்திறம். இந்த நான்காவது பெயரை ஏட்டளவில் படித்துக் கடந்துவிடுபவர்களே நம்மில் அதிகம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் சென்னையில் ஒரு பெரும் பாடகர் நான்கே சுரங்களை வைத்துக்கொண்டு பாடியபோது, அதை இராகம் எனலாமா, அதை ஒருவர் தம் படைப்பு எனலாமா என்று பெரிய வழக்கே எழுந்தது.

மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா 1930 ஜூலை 6 அன்று ஆந்திரத்தின் கிழக்குக் கோதாவரிப் பகுதியில் சங்கரகுப்தம் என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய குரு பாருபள்ளி ராமகிருஷ்ணய்ய பந்துலு, தியாகராஜரின் சீடர் மரபில் வந்தவர். ஆகவே பாலமுரளி மரபின் மதிலுக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர், உள்வீட்டுப் பிள்ளை. இளமையிலேயே 72 மேளகர்த்தா இராகங்களிலும் கீர்த்தனை இயற்றியவர். வயலின், வியோலா, மிருதங்கம், கஞ்சிரா ஆகியவற்றையும் வாசித்தவர். 1978இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார்.

அவர் அமைத்தவற்றுள் பெயர்பெற்றது மகதி: ச, க, ப, நி. மற்றொன்று லவங்கி: ச, ரி, ம, த. மகதி என்பது நாரதருடைய வீணையின் பெயர். கலகத்திற்குப் பேர்போன முனிவரின் கருவியை அவர் ஏன் தேர்ந்தார் என்று எண்ணும்போது புன்னகை வராமல் இல்லை. தமிழ்நாட்டின் பொதுமக்கள் மகதியைக் கேட்டது சபாவில் அன்று, திரையரங்கில். 1975இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் எம். எஸ். விஸ்வநாதன் இந்த இராகத்தில் ஒரு பாடலைத் தொடங்கி, இறுதியில் பைரவிக்குக் கொண்டுசென்றார். கண்ணதாசன் எழுதி, யேசுதாஸ் பாடிய ‘அதிசய ராகம்’ அது.

இசையளவில் இந்த முயற்சியின் இடர் என்ன? கர்நாடக இசையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒரு சுரம் தன் அண்டைச் சுரத்தைத் தொட்டு அசைவதால் பிறப்பது அது. மகதியில் அண்டை வீடுகள் எல்லாம் காலி. ரி இல்லை, ம இல்லை, த இல்லை. ஒவ்வோர் அடியும் ஒரு தாவல். மேலை இசை பயின்றவர் இந்த நான்கு சுரங்களையும் ஒருசேர ஒலிக்கக் கேட்டால், தமக்கு நன்கு பழகிய ஒரு சுரக்கூட்டு என்றே அடையாளம் காண்பார். அத்தகைய எலும்புக்கூட்டின்மேல் ஆலாபனை என்னும் சதையை ஏற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. பாலமுரளி தம் குரலின் எளிய ஓட்டத்தால் ஏற்றிக் காட்டினார்.

எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் வீணை எஸ். பாலசந்தர். இந்த இராகங்களைத் தாம் படைத்ததாகப் பாலமுரளி கூறியதை அவர் வன்மையாக மறுத்தார். இதில் ஒரு முரண் உண்டு. பாலசந்தர் பழமைவாதி அல்லர். குருவின்றித் தாமே வீணை பயின்று தமக்கென ஒரு பாணியை வகுத்தவர். 1954இல் பாடலே இல்லாத தமிழ்ப் படமாக ‘அந்த நாள்’ எடுத்தவர். புதுமைக்கும் பழமைக்கும் நடந்த சண்டையாக இதைப் பார்ப்பது பிழை. புதுமை எவருக்கு உரியது என்பதே இருவருக்கும் இடையே நின்ற வினா.

மரபு இவ்வினாவை எப்படிக் கையாண்டது? பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தபோது, தம் காலத்தில் வழங்கியவை 19 என்றே விளக்கினார். எஞ்சியவை வருங்காலப் பாடகர்களுக்காகக் கட்டிவைத்த ஆளில்லா வீடுகள். பின்னர் தியாகராஜர் அவற்றுட் பலவற்றில் விளக்கேற்றினார். கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழிலேயே கீர்த்தனைகள் செய்தார். இன்று கரகரப்பிரியாவைப் பாடும் எவரும் தியாகராஜரின் உடைமையைக் கடன் வாங்கியதாக எண்ணுவதில்லை.

கடல் கடந்த ஒரு செய்தியும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. பிரேசிலின் சாம்பா இசை, ரியோ நகரில் சியாட்டா அத்தை போன்ற கறுப்பினப் பெண்களின் வீடுகளில் பலர் கூடிப் பாடி வளர்ந்தது. அங்கே பிறந்த ஒரு பாடலை 1916இல் டோங்கா என்பவர் தேசிய நூலகத்தில் தம் பெயரில் பதிவு செய்தார். அதில் தங்களுக்கும் பங்குண்டு என்று மற்றவர்கள் வழக்காடினர். சாம்பாவின் எழுத்து வரலாறே இந்த உரிமைச் சண்டையோடு தொடங்குகிறது எனலாம். அதே ரியோவில், பாலமுரளி பிறப்பதற்கு இரு வாரம் முன்னர் 1930 ஜூனில் பிறந்தவர் எல்சா சோரெஸ். சாம்பாவில் புகழ்பெற்ற அவர், 2015இல், தம் 85ஆம் வயதில், சாவோ பாலோவின் இளம் கலைஞர்களோடு சேர்ந்து, கரகரக்கும் மின்கிட்டார்களுக்கும் மின்னணு ஓசைகளுக்கும் இடையே சாம்பாவை நிறுத்திப் பாடினார். உலக முடிவின் பெண் என்று பொருள்படும் அந்தத் தொகுப்பில் இனவெறியும் பெண்கள்மீதான வன்முறையும் பாடுபொருளாயின. அவர் 2022இல் மறைந்தார். முதுமையில் ஒரு மரபைக் கலைத்துப் பார்க்கும் துணிவு, அம்மரபிலேயே ஊறியவருக்குத்தான் வாய்க்கும் போலும்.

பாலமுரளி 2016 நவம்பர் 22 அன்று சென்னையில் காலமானார். திறத்திறம் என்ற சொல்லைக் காட்டி அவர் பக்கம் தீர்ப்பெழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பெயர் இருந்தது என்பதாலேயே அது பெருவழக்காகப் பாடப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சொல் உறுதிப்படுத்துவது ஒன்றையே: நான்கு சுரம் என்பது நம் இலக்கணத்திற்கு அந்நியமன்று. நிகண்டுகள் 103 பண்களைச் சொல்கின்றன. அவற்றை ஆக்கியவர் யாரென்று சொல்லவில்லை. மகதி பிழைத்திருக்க வேண்டுமானால் பலர் அதைப் பாட வேண்டும். பாடப் பாட, அமைத்தவரின் பெயர் மெல்ல உதிர வேண்டும். பாலமுரளியை நேசிக்கும் நமக்கு அது கசக்கலாம். எனினும், மரபு ஒரு கலைஞனுக்கு அளிக்கக்கூடிய மிகப் பெரிய விருது அந்த மறதிதான்.