இதய வால்வும் தொடை நாடியும்

இதயத்தினின்று பெருநாடிக்குக் குருதி செல்லும் வாயிலிலே மூன்று மெல்லிய இதழ்களாலான வால்வொன்று உண்டு. முதுமையில் அவ்விதழ்களிற் சுண்ணாம்பு படிந்து வாயில் ஒடுங்கினால், நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றுவதே நெடுங்காலம் தக்க பரிகாரமாயிருந்தது. அச்சத்திர சிகிச்சையைத் தாங்கும் வலுவற்றோர்க்குப் போக்கிடமில்லை.

அத்தகைய ஒருவருக்கு, 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், பிரான்சு தேசத்து ரூவான் நகரில் அலன் கிறிபியே என்னும் இதய நோய் நிபுணர் புதுவழி கண்டார். உலோகக் கூட்டினுள் தைத்த வால்வைச் சுருக்கி, குழாய் வழியே செலுத்தி, உரிய இடத்தில் விரிப்பதே அவ்வழி. ஆயின் 57 வயதினரான அந்நோயாளியின் கால்களுக்குச் செல்லும் நாடிகள் முன்னரே நோயுற்றிருந்தன. ஆகவே தொடை நாளத்தின் வழியே ஏறி, இதயத்தின் இடைச்சுவரைத் துளைத்து இடப்புறம் புகவேண்டியதாயிற்று. வால்வு செவ்வனே இயங்கிற்று. இரத்தோட்டங் குன்றியிருந்த காலோ மேலும் பழுதுற்றுத் துண்டிக்கப்பட்டது; புண் ஆறாது கிருமி தொற்றி, 17 வாரங்களின் பின் அவர் இறந்தார். இதயத்திலே வெற்றி, காலிலே தோல்வி! அக்கால்நோய் சிகிச்சையால் வந்ததன்று. எனினும் பின்வந்த வரலாற்றுக்கு அது முன்னறிவிப்புப் போலாயிற்று.

சில ஆண்டுகளுள் கனடாவின் வன்கூவர் நகரில் யோன் வெப் முதலியோர் தொடை நாடி வழியைச் செம்மைப்படுத்தினர். வழி நேரானது, குழாயோ பருத்தது. இக்குழாய்களை அளக்கும் அலகு, பாரிசு நகரக் கருவி வினைஞர் சாரியேர் வகுத்தது. மூன்று அலகு ஒரு மில்லிமீற்றர். முற்காலக் குழாய்கள் 22, 24 அலகின. உள்விட்டமே ஏறக்குறைய 8 மில்லிமீற்றர், புறவிட்டம் அதனினும் பெரிது. சுண்ணாம்பேறி வளைந்த முதியோர் நாடியுள் இது புகுங்கால் நாடி கிழிதலும், உட்சுவர் பிரிதலும், வயிற்றின் பின்புறத்தே குருதி பெருகுதலும் நிகழ்ந்தன.

2010இல் வெளிவந்த 'பாட்னர்' ஆய்வு, நெஞ்சைத் திறக்கவியலாத 358 பேரைப் பற்றியது. ஓராண்டினுள் புதிய வால்வு பெற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேரும், பெறாதோருள் 51 பேரும் இறந்தனர். பெரும்பேறுதான். ஆனால் முதல் முப்பது நாளிற் கடுமையான குருதிக்குழாய்ச் சேதம், வால்வு பெற்றோரில் நூற்றுக்கு 16.2, மற்றையோரில் 1.1 மட்டுமே.

அதன்பின் வால்வைச் செம்மையாக்குவதோடு குழாயை மெலிவிப்பதும் பெருமுயற்சியாயிற்று. 14 அலகுக் குழாய்கள் வந்தன. வால்வு கடக்கும் கணத்தில் விரிந்து பின் ஒடுங்குவனவும் அவற்றுள் உள. நாடியின் அகலத்தைக் கணினிக் கதிர்ப்படத்தால் முன்னரே அளப்பதும், துளையிடுமுன்பே தையலிழையை இட்டுவைத்து முடிவில் இறுக்குவதும் வழக்கமாயின. தொடை நாடி ஒவ்வாதோர்க்குக் காறையெலும்பின் கீழுள்ள நாடியையோ, இதயத்தின் நுனியையோ வைத்தியர் நாடுகின்றனர்.